துவர்ப்பு தெரிந்தால் ஒயின் பாதி புரிந்த மாதிரி

ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று போர்டு போட்ட கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான், ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பது என்பதே மண்டையில் ஏறியது. இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் நந்தி மலை. அந்தப் பக்கம் தொட்டபள்ளாபூரில் 1988-லேயே குரோவர் குடும்பம் ஒயின் திராட்சைத் தோட்டம் போட்டுவிட்டது. ஆனால் ருசி பார்க்கக் கற்றுக்கொள்ளத் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. நாலு நண்பர்களும் ஒரு சாப்பாட்டு மேசையும் போதும். எல்லோரும் 21 வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும், வண்டி ஓட்டி வரக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

1. வாங்குவது

முதல் தடவைக்கு இரண்டு பாட்டில் போதும். வெள்ளையில் ஒரு செனின் பிளாங்க், சிவப்பில் ஒரு ஷிராஸ். இவை திராட்சை வகைகளின் பெயர்கள். இரண்டுமே நம் நாட்டுத் தோட்டங்களில் விளைபவை, எளிதாகக் கிடைக்கும். ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் பன்னிரண்டு தடவை வரும். கார்க் திறக்கத் தெரியாதவர்கள் திருகு மூடி போட்டதாக வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கவனம். கடையில் கண்ணாடி ஷோகேஸில் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலை வாங்காதீர்கள். அப்படி ஒன்றை நான் வாங்கி வந்து திறந்தபோது, அடிபிடித்த ஜாம் வாசனை வந்தது. உள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

2. குளிர வைப்பது

‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால், அது குளிர்நாட்டு அறை. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி இருந்தால் நல்லது. ஏப்ரல் மாத பெங்களூர் வீட்டில் அப்படியே ஊற்றினால் மூக்கில் ஸ்பிரிட் நெடிதான் முதலில் ஏறும். சிவப்பை ஒரு மணி நேரமும் வெள்ளையை இரண்டு மூன்று மணி நேரமும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

3. வீட்டு வாசனை

ஊதுபத்தி, சாம்பிராணி அன்று வேண்டாம். தாளிப்பதை முன்னாலேயே முடித்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முழம் மல்லிகையோடு வந்தபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன்.

4. ருசி பார்ப்பது

கிளாஸில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே நாலு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். பழமா, பூவா, மிளகா? சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் என்றால் நறுக்கிய குடைமிளகாய் வாசனைகூட வரும். என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், தப்பு என்று ஒன்று இல்லை. அப்புறம் ஒரு வாய் எடுத்து, வாய் கொப்பளிக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் படவிட்டு விழுங்குங்கள். விழுங்காமல் ஒரு டம்ளரில் துப்பினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள்.

இங்கேதான் பலரும் திணறுவார்கள். ‘டேனின்’ என்கிறார்களே, அது என்ன? எங்கள் வீட்டில் முதல் வாய் ஷிராஸ் குடித்ததுமே ஜன்னல் ஓரத்து அக்கா சொன்னார்: “என்னப்பா இது, கடுக்காய்த் தண்ணி மாதிரி நாக்கைப் பிடிக்குது!”

அதேதான். துவர்ப்பு. வாழைப்பூவிலும் கொட்டைப்பாக்கிலும் நாம் சின்ன வயதிலிருந்து பார்த்தது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது இறங்குகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்க வைப்பார்கள், வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுப்பார்கள். அதனால்தான் வெள்ளையில் துவர்ப்பு தெரிவதே இல்லை. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்களுக்கு இதில் பாடமே தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. பால் இல்லாத கடுந்தேநீர் ஒரு வாய் குடியுங்கள், நாக்கு வறளும். அதிலேயே பால் ஊற்றிக் குடியுங்கள், துவர்ப்பு அடங்கிவிடும். பாலின் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினோடு ஆட்டுக்கறி ஒத்துப்போவதற்கும் ஏறக்குறைய இதே காரணம்தான்.

புளிப்பு வேறு. அது தாடை ஓரம் கூசி எச்சில் ஊற வைக்கும். இனிப்பில்தான் ஏமாந்து போவோம். பழ வாசனை வந்தாலே இனிக்கிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்துப் பாருங்கள், உண்மை தெரியும்.

5. சாப்பாடு

நான் முதன்முதலில் வைத்த விருந்தில் குண்டூர் மிளகாய் போட்ட கோழி வறுவலும் காபர்னே சாவிஞான் என்ற துவர்ப்பான சிவப்பு ஒயினும். பத்தே நிமிடத்தில் எல்லோரும் மோர் கேட்டார்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். காரமான சாப்பாடு என்றால் லேசாக இனிக்கும் செனின் பிளாங்க், நன்றாகச் சில்லென்று.

மிளகுக் காரம் வேறு கதை. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். நம் குறுமிளகிலும் இருப்பது அதுவே. ஆகவே மிளகாயைக் குறைத்து மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்கா செய்யுங்கள். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஷிராஸ். என் கணக்கில் இதைவிட நல்ல ஜோடி தென்னிந்திய அடுப்பில் இல்லை.

மெதுவடை, அப்பளம் மாதிரி உப்பும் எண்ணெயும் உள்ளவற்றுக்கு நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின். எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்குச் சாவிஞான் பிளாங்க். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும், அதனால் புளிக்குழம்பையும் ரசத்தையும் ஒயினோடு சேர்க்காதீர்கள். பாயசமும் அப்படித்தான். அது வருவதற்குள் ஒயினை முடித்துக்கொள்ளுங்கள்.

மீந்த ஒயினை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், சிவப்பையும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் மீந்த ஷிராஸ் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமையே அக்கா ஒரு கிண்ணம் வாழைப்பூ வடையோடு வந்து கதவைத் தட்டினார்.