பிளானிங் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற திருகோணமலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர, பிராந்தியத் திட்டமிடலில் மாஸ்டர்ஸ் செய்யலாமா என்று என்னிடம் கேட்கிற தம்பி தங்கச்சிமார் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த நாடு நல்லம்?" பிசகு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் இருக்கிற மூன்று படிப்புகளில் ஒன்று முழுக்க வடிவமைப்பாக இருக்கும், மற்றது கொள்கை, சட்டம், காணிப் பொருளாதாரம் என்று போகும், இன்னொன்று கணினியில் வரைபடம் செய்வதிலேயே பாதி நேரத்தை எடுத்துவிடும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, அங்கே போய் "நான் நினைத்தது இது இல்லையே" என்று நிற்பது பெரிய நட்டம். பாடப் பட்டியலை இறக்கி, கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எது என்று பென்சிலால் கோடு போட்டு வாசியுங்கள்.

இன்னொரு குழப்பம் எங்கள் நாட்டுக்கே உரியது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், திட்டமிடல் பணிப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அவர் இலங்கைத் திட்டமிடல் சேவையைச் சேர்ந்தவர், போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர், அபிவிருத்தித் திட்டங்களையும் நிதியையும் பார்க்கிறவர். நகரத் திட்டமிடலாளர் வேறு. அவருடைய இடம் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, இல்லாவிட்டால் தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம். கச்சேரி வேலைதான் உங்கள் கனவு என்றால், இவ்வளவு காசு கட்டி வெளிநாட்டில் இதைப் படிக்கத் தேவையில்லை, பரீட்சைக்குப் படியுங்கள். இதை ஆரம்பத்திலேயே யாரும் சொல்வதில்லை.

அங்கீகாரத்தைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பிரிட்டனில் ஆர்.டி.பி.ஐ., அமெரிக்காவில் பி.ஏ.பி. என்று படிப்புகளை அங்கீகரிக்கிற அமைப்புகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்யவே போவதில்லை என்றாலும், உங்கள் பட்டம் ஒரு திட்டமிடலாளருக்கு உரிய பட்டமா என்று நாளைக்கு யாராவது கேட்டால் அந்த ஒரு வரி உதவும். பிரிட்டனில் கொஞ்சம் கவனம். இளமாணியில் திட்டமிடல் படிக்காதவருக்குச் சில சிறப்புத் துறைப் பட்டங்கள் மட்டும் போதாது, முழு அங்கீகாரம் உள்ள படிப்பாகத் தேட வேண்டும். இந்தியாவில் எம்.பிளான் என்கிற திட்டமிடல் மாஸ்டர்ஸ் என்றால் திட்டமிடல் (பி.பிளான்), கட்டிடக்கலை (பி.ஆர்க்), சிவில் பொறியியல் படித்தவர்கள் நேரடியாகப் போகலாம், புவியியல், பொருளியல், சமூகவியல் ஆட்களிடம் அந்தப் பாடத்தில் ஏற்கனவே முதுகலை இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். இது தெரியாமல் பி.ஏ. சான்றிதழோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆசைப்பட்டு மனம் உடைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மறந்துவிடாதீர்கள். நகரத் திட்டமிடலுக்கென்று தனித் துறை அங்கே இருக்கிறது, இலங்கைச் சட்டத்தை அதைவிட நெருக்கமாக வேறெங்கும் படிக்க முடியாது.

சரி, இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். செய்மதிப் படத்தை நம்பி ஊரைக் கீறுவது.

நான் படித்தபோது ஸ்டூடியோ வேலைக்கு, அதாவது ஒரு இடத்தை எடுத்துத் திட்டம் கீறிப் பழகுகிற பாடத்துக்கு, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கரையை எடுத்தேன். படத்தில் பார்த்தால் மணல், கொஞ்சம் தென்னை, ஹோட்டல் கூரைகள். நான் மணலை 'வெற்று நிலம்' என்று மஞ்சளடித்தேன். என் சொந்த ஊர், நான் குளித்த கடல், நானே அப்படி அடித்தேன். பிறகு விடுமுறைக்கு வந்து விடியப்புறம் கரைக்குப் போனபோது அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் கரையேறி, இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் பின்னுக்கு நடந்து இழுக்க, நடுவில் மடி மெல்ல மெல்ல வருகிறது. அந்த அகலம் முழுவதும் ஒரு பாடு, ஒரு வலைக்கு உரிய இடம். எந்தப் பாடு எந்தச் சம்மாட்டிக்கு, அதாவது எந்த வலைச் சொந்தக்காரருக்கு என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும், என் வரைபடத்துக்குத்தான் தெரியவில்லை. அந்த மணலில் ஒரு மதிலோ, வரிசையாகச் சாய்கதிரைகளோ வந்தால் கயிறு இழுக்க இடம் இல்லை, தொழில் இல்லை.

அது மட்டுமில்லை. கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்தும் மீனவர்கள் வந்து வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குவார்கள். கார்த்திகை, மார்கழியில் எடுத்த படத்தில் ஒரு வாடியும் இருக்காது. குடிசன மதிப்பீட்டிலும் அவர்கள் இந்த ஊர்க் கணக்கில் வர மாட்டார்கள். ஆக, படமும் கணக்கும் இரண்டுமே சரியாக இருந்தும் நீங்கள் கீறுகிற திட்டம் பிழையாக முடியலாம். உள்ளே போனாலும் இதே கதை. போர்க்காலத்தில் விட்டுப்போன வயல் பற்றை பிடித்து, மேலிருந்து பார்த்தால் காடு மாதிரியே பச்சையாகத் தெரியும். அதைக் காடு என்று நிறம் அடித்தால், திரும்பி வந்த குடும்பத்தின் காணியை உங்கள் கையாலேயே அழித்ததாகிவிடும். க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இலவசம், கட்டாயம் பழகுங்கள், ஆனால் நடந்து பார்க்காமல் ஒரு நிறமும் அடிக்காதீர்கள்.

'பிராந்தியம்' என்ற சொல்லை விட்டுவிட்டு நகரத்தை மட்டும் படிப்பதும் பரவலான தவறு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனம் திருகோணமலை டவுனுக்கு வரப் படகுப் பாதையை நம்பியிருந்தது. பாலம் வந்ததும் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்தை என்று எல்லாவற்றின் தூரமும் மாறியது. நகர எல்லைக்குள் மட்டும் நின்று இதைப் பார்த்தால் உங்களுக்கு டவுனில் நெரிசல் கூடியது மட்டும்தான் தெரியும்.

விண்ணப்பத்தில் "சிறுவயது முதல் நகரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று எழுதாதீர்கள். வாசிக்கிறவர் அந்த வரியை அன்றைக்கே பல தடவை வாசித்திருப்பார். உங்களிடம் அதைவிட நல்லது இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரைக் கரையோர வலயம் என்கிறது. அந்த 300 மீட்டருக்குள் உங்கள் தெருவில் யார் வீடு கட்டினார், யாருக்கு அனுமதி கிடைக்கவில்லை, யாரிடம் காணி உறுதி இருக்கிறது, யாரிடம் அரச காணிப் பெர்மிட் மட்டும் இருக்கிறது, இதில் உங்களுக்கு விளங்காதது எது? அந்த விளங்காததை எழுதினால் போதும்.

காசு விஷயம். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் எங்கள் நாட்டில் இருக்கவும் வேண்டும். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்பிரிங் என்ற படிப்பு பிராந்தியத் திட்டமிடலுக்கென்றே உள்ளது, முதல் வருடம் அங்கே, இரண்டாம் வருடம் கானா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பங்காளிப் பல்கலைக்கழகங்களில். அதற்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) கொடுக்கிற உதவித்தொகைக்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஆகவே பட்டம் முடிந்த கையோடு ஓடாமல், பிரதேச சபையிலோ ஒரு தொண்டு நிறுவனத்திலோ நில அளவையாளர் ஒருவரிடமோ வேலை செய்து, நியமனக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் "இரண்டு வருடம் வீணாகப் போகுதே" என்பார்கள். போகவில்லை.

கடைசியாக, ஆய்வுக்கான தரவு. போன பிறகு மின்னஞ்சல் அனுப்பி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு அலுவலகத்திடம் நான் அப்படிக் கேட்டு நான்கு மாதம் காத்திருந்தேன், பதிலே வரவில்லை, நேரில் போய்க் கடிதம் கொடுத்த அன்றே வரைபடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னமே யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தாள் சிங்களத்தில் இருக்கிறது, யார் வாசித்துச் சொல்வார் என்று பார்த்து வையுங்கள். அப்புறம் மாதத்தையும் பாருங்கள். பிரிட்டன் மாதிரி ஒரு வருடப் படிப்பென்றால் களவேலை ஜூன், ஜூலையில் விழும், அப்போது கரையில் வலையும் இருக்கும், வாடியும் இருக்கும். மார்கழியில்தான் வர முடியுமென்றால் கரைவலையை விட்டுவிட்டு, மழை வெள்ளம் எந்த ஒழுங்கையில் எத்தனை நாள் நிற்கிறது என்பதை எடுங்கள்.