காட்பாடிக்கு ஒரு நாள்: திரும்பி வர சீட் கிடைத்த விதம்

கல்லூரி நண்பன் வேலூரில் செட்டில் ஆகிவிட்டான். சென்னையிலிருந்து காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்ப எனக்குத் தோதானது பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். 1964 முதல் ஓடும் வண்டி. காலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் காட்பாடி. சாயங்காலம் அந்த வண்டி பெங்களூரிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது காட்பாடியில் அதிலேயே ஏறிக்கொள்ளலாம்.

போவதற்கு செகண்ட் சிட்டிங் உடனே கிடைத்தது. திரும்புவதற்குத்தான் வெயிட்டிங் லிஸ்ட். ஞாயிறு சாயங்காலம் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஒற்றைக்காலில் நிற்க என் முழங்கால் சம்மதிக்காது.

வழியில் உள்ள ஊர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டி புறப்படும் ஊரிலிருந்து சென்னை வரை தேடிப் பார்த்தேன், இடம் இருந்தது. ஆக, பெங்களூர்–சென்னை டிக்கெட் எடுத்து, 'போர்டிங் ஸ்டேஷன்' என்ற இடத்தில் காட்பாடியைத் தேர்ந்தெடுத்தேன். கட்டணம் முழுத் தூரத்துக்கும்தான், கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை. ஆனால் போர்டிங்கை மாற்றாமல் விட்டால், பெங்களூரில் நாம் ஏறவில்லை என்று டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) அந்த சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். மாற்றிய பிறகு முந்தைய ஊரில் ஏறும் உரிமையும் கிடையாது.

அப்புறம் என்ன, நண்பன் ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போனான். கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து பழைய ஹாஸ்டல் கதைகள் பேசினோம். வேலூர் வெயிலை மட்டும் அவன் இன்னும் 'இதெல்லாம் ஒண்ணுமே இல்லடா' என்கிறான்.