கையேட்டு வேகத்தைத் துரத்தாதீர்கள்: தோட்டா நிரப்புவதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

போன சனிக்கிழமை சுடும் களத்தில் பக்கத்து மேசையில் ஒரு தம்பி. கொலராடோவுக்கு வந்து மூன்று வருஷம், வரும் அக்டோபரில் முதல் எல்க் (பெரிய மான்) வேட்டை, .30-06 ரைஃபிளுக்குக் காலிப் பித்தளைக் கூட்டில் பிரைமர் (தீ மூட்டும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் போட்டுத் தானே தோட்டா நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு முறை சுட்டதும் அவர் பார்த்தது இலக்குத் தாளை இல்லை, குண்டு வினாடிக்கு எத்தனை அடி போகிறது என்று காட்டும் குரோனோகிராஃப் திரையை. "2,712. இன்னும் 90 அடி வேணும் அண்ணே" என்றார். எனக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கைத்தான் நானும் போட்டேன்.

கண்ணாடி போடுங்கள், மேசையில் இரண்டு மருந்து டப்பா வைக்காதீர்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை. மருந்து அளவும் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் குண்டு செய்பவரும் மருந்து செய்பவரும் வெளியிடும் நடப்புக் கையேட்டில் மட்டும் பாருங்கள்.

கையேட்டில் போட்டிருக்கும் வேகம் வரும்வரை மருந்தைக் கூட்டுவது

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு.

என் கையேட்டில் 180 கிரெய்ன் (கிரெய்ன் ஒரு சின்ன எடை அலகு) குண்டுக்கு மருந்தின் உச்ச அளவில் வினாடிக்கு 2,800 அடி என்று போட்டிருந்தது. என் ரைஃபிள் அதே அளவில் 2,715 தான் கொடுத்தது. ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. காசு கொடுத்து வாங்கிய குரோனோகிராஃப் வேறு, சும்மா இருக்கவிடுமா? அரை கிரெய்ன் கூட்டினேன், இன்னும் அரை கூட்டினேன், 2,790 வந்ததும் போதும் என்று நாற்பது தோட்டா நிரப்பி வைத்தேன். அது பிப்ரவரி, களத்தில் முழங்கால் அளவு பனி.

அதே பக்கத்தின் மேல் ஓரத்தில், சோதனைக் குழல் 24 அங்குலம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. என்னுடையது 22. அங்குலத்துக்கு இருபது, இருபத்தைந்து அடி குறையும் என்று வைத்தாலே பாதிக் கணக்கு முடிந்தது. மீதிக்கும் பெரிய ரகசியம் இல்லை: ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட ஒரே வேகம் தராது. தோட்டா உட்காரும் சேம்பர் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், குழல் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். மெதுவான குழல் என்றால் மெதுவான குழல், அவ்வளவுதான்.

வேகம் சும்மா வராது, அழுத்தத்திலிருந்துதான் வரும். உச்ச அளவை நெருங்க நெருங்க, கூட்டுகிற மருந்து வேகத்தைக் கொஞ்சமாகவும் அழுத்தத்தை நிறையவும் ஏற்றும். .30-06க்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. வீட்டு மேசையில் அதை அளக்க நம்மிடம் எதுவும் கிடையாது. பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் பரவாயில்லை என்று சொல்பவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அடையாளம் கண்ணுக்குத் தெரிவதற்குள் எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

எனக்கு அடையாளம் ஆகஸ்டில் தெரிந்தது. வெயில் 34 டிகிரி, தோட்டாப் பெட்டி வண்டியின் முன் இருக்கையில் ஒரு மணி நேரம் வெந்துகொண்டிருந்தது. சூட்டில் பல மருந்துகள் அழுத்தத்தை இன்னும் ஏற்றும் என்று படித்திருக்கிறேன், ஆனால் படித்தது கைக்கு வரவில்லை. மூன்றாவது தோட்டாவுக்கு, சேம்பரை மூடும் போல்ட் தூக்க வரவில்லை. உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டித்தான் திறந்தது. கூட்டின் அடியில், எழுத்துகளுக்கு மேல், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை அளவுக்கு ஒரு பளபளப்பான வட்டம்: பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கி, பிறகு தேய்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தக் கூடுகளில் புதுப் பிரைமர் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போனது. பிரைமர் உட்காரும் குழி விரிந்துவிட்டது, அந்தக் கூடுகள் எல்லாம் குப்பை. ரைஃபிளைச் சோதிக்க, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்துக்குத் தனியாகக் காசு. மீதி முப்பத்தேழு தோட்டாவையும், குண்டு உருவும் பிளாஸ்டிக் சுத்தியலில் மாட்டி, கராஜ் தரையில் ஒவ்வொன்றாக அடித்துப் பிரித்தேன். டொக், டொக் என்று மூன்று ராத்திரி. மகள் வந்து எட்டிப் பார்த்து, எதை உடைக்கிறாய் என்று கேட்டாள்.

அப்படி அலைந்து பிடித்தது 75 அடி. 200 கெஜத்தில் ரைஃபிளின் குறியைச் சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் அதனால் குண்டு இறங்குவது ஒரு அங்குலத்துக்கும் குறைவாகத்தான் மாறும். அந்தத் தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, பாறை மேல் பையை வைத்துச் சுடும்போது என் கையே அதைவிடப் பெரிதாக ஆடும். அந்த வருஷம் 2,690-ல் நிறுத்திக்கொண்டேன். மூன்று ஓட்டைகளும் ஒட்டிக்கொண்டு விழுந்தன. எல்க் கிடைத்தது 210 கெஜத்தில்.

தொழிற்சாலைக்காரர்களே இறங்கி வந்திருக்கிறார்கள். 1925-ல் .270 வின்செஸ்டர் என்ற தோட்டா வந்தபோது 130 கிரெய்ன் குண்டுக்கு 3,140 அடி என்று விளம்பரம். இன்றைக்குப் பெட்டியில் வழக்கமாகப் பார்ப்பது 3,060. மான்கள் அதை விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொண்டதாகத் தகவல் இல்லை.

வேகம் கூடினால் குண்டும் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது

பக்கத்தில் வரும் விலங்கை மறந்துவிட்டுப் போடும் கணக்கு இது. 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் .300 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிளால் ஒரு மூஸை (மிகப் பெரிய மான்) சுட்டபோது, குண்டுகள் ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறின. அந்தக் கடுப்பில்தான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். சாதாரண ஈயக் குண்டை வேகமாக ஓட்டி, நாற்பது கெஜத்தில் தோள் எலும்பில் அடித்தால் இன்றைக்கும் அதே கதை நடக்கலாம். முழுச் செம்புக் குண்டு நேர் எதிர்: அது விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும், பெரும்பாலும் வினாடிக்கு 1,800லிருந்து 2,000 அடிக்குள். ஆகவே முதலில் குண்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் நீங்கள் சுடக்கூடிய அதிகபட்சத் தூரத்தில் அதற்கு எவ்வளவு வேகம் மிச்சமிருக்கும் என்று பாருங்கள். குழல் வாயில் என்ன வேகம் என்பது அந்தக் கேள்விக்கு அடுத்ததுதான்.

மூன்று தோட்டா சுட்டு சராசரி போடுவது

பத்து சுடுங்கள்.

ரொம்பக் குறைத்தால் ரொம்பப் பாதுகாப்பு

இல்லை. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே போடுவதும் ஆபத்துதான்.

பிரைமர் தீர்ந்துபோச்சு, வேறு போட்டுக்கலாம்

கூடு, பிரைமர், குண்டு, எது மாறினாலும் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். ராணுவக் கூடுகளில் பித்தளை தடிமனாக இருப்பதுண்டு. அப்போது உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் அதிகம்.

நண்பரின் அளவைக் கடன் வாங்குவது

அவர் ரைஃபிளையும் சேர்த்துக் கடன் வாங்குங்கள்.

சரி, அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். பிறகு மெல்ல, "வீட்டில் ஏற்கெனவே நாற்பது நிரப்பி வெச்சிருக்கேன் அண்ணே, கையேட்டுக்கு ஒரு கிரெய்ன் மேல" என்றார். வரும் சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என் கராஜுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் சுத்தியலைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று.