மார்பகப் புற்றுநோயாளியின் நெஞ்சுப் படம்: சறுக்கும் இடங்கள்

பெயர், பக்கக் குறி, மூச்சை முழுதாக இழுத்தாரா என்பதையெல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை. புதிதாகப் படம் வாசிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப இடறுவது வேறு இடங்களில்.

கறுத்த பக்கம்

மார்பகம் அகற்றிய பக்கம் கறுப்பாகத் தெரியும். மேலிருந்த திசு இல்லை, அவ்வளவுதான். அதைப் பாராமல் மறுபக்கத்து நல்ல நுரையீரலில் நிமோனியா எழுதிவிடுகிறார்கள். முதலில் மார்பக நிழல்கள், அக்குள் மடிப்பு, பிறகுதான் நுரையீரல்.

தனிக் காம்பு

ஒரு மார்பகம் இல்லாதவரில் காம்பின் நிழலை ஒப்பிட இணை கிடையாது. காம்பில் குறி ஒட்டி இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். சிடி பிறகு.

நுனியில் வடு என்றதும் காசநோய் எழுதுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அக்குள் நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) நோய் பரவியவருக்குக் காறையெலும்புக்கு மேலும் கதிர் கொடுப்பார்கள். அது நுரையீரலின் நுனியையும் தொடும். முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் அங்கே கிரவுண்ட்-கிளாஸ் நிழல் (தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல்) வரும். பிறகு சுருங்கி, ஹைலத்தை (நுரையீரலின் வேர்ப்பகுதியை) மேலே இழுத்து, ஓரிரு ஆண்டில் வடுவாக நிலைக்கும்.

மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் கதிர் பெற்றவர், மாதங்கள் கழித்து இருமலோடு கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே எடுப்பார். கோரிக்கைத் தாளில் "இருமல்" மட்டும் இருக்கும். நுனியில் வடுவைக் கண்டதும் கை தானாகவே காசநோய் என்று எழுதும். சளி முடிவு வருமுன் மாத்திரை தொடங்கினால் ஆறு மாதம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, அவர் குடிக்கும் தமொக்சிஃபெனின் இரத்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும். ஆக, புற்றுநோய்க்கான மருந்தும் வீணாகிறது.

விளிம்பைப் பாருங்கள். கதிர் வடு நுரையீரல் மடலின் எல்லையைப் பொருட்படுத்தாது. கதிர் புலம் முடியும் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கும். குழி, கொத்தான சிறு கணுக்கள், மறுபக்கத்திலும் நிழல் என்றால் காசநோயைத் தேடத்தான் வேண்டும்: சளியை ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கு (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) அனுப்புங்கள். நிலைத்த வடு பிறகு புடைத்தாலோ, உள்ளே விரிந்திருந்த மூச்சுக்குழாய்கள் நிரம்பினாலோ, நோய் திரும்பியதா, தொற்றா என்று பாருங்கள்.

டயக்னோசிஸ் கார்டில் (மருத்துவமனை கொடுத்தனுப்பும் சிகிச்சைச் சுருக்கம்) பார்க்க நான்கு விடயம்: எந்தப் பக்கம், எத்தனை கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு; 15 தடவையில் 40, அல்லது 25 தடவையில் 50 என்பது வழக்கம்), கழுத்தடிக்கும் கொடுத்தார்களா, எப்போது முடிந்தது. கார்ட் இல்லையா? கதிர் சிகிச்சையை நோயாளிகள் "கரண்ட்" என்பார்கள். "கரண்ட் பிடிச்சீங்களா அம்மா, எப்ப முடிஞ்சது?" என்று கேட்க அரை நிமிடம் போதும். பழைய படங்கள் பெரும்பாலும் வீட்டு அலுமாரியில் கிடக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள்.

அறிகுறியில்லாத முதற்கட்டத்தில் சிடி

வேண்டாம்.

செப்டல் கோடுகள்

நுரையீரலின் சிறு பகுதிகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் தடித்துக் கோடுகளாகத் தெரிவது இது. மார்பகப் புற்றுநோய் மருந்துகளான ட்ராஸ்டுசுமாப், ஆந்த்ராசைக்ளின் இரண்டும் இதயத்தைத் தளர்த்தும் என்பதால் இதயச் செயலிழப்பு என்ற ஊகம் நியாயமானதே. ஆனால் கோடுகள் ஒரு பக்கம் மட்டும், மணிமணியாகத் தடித்து, சிறுநீர் மருந்துக்கும் மசியாவிட்டால் நிணநாளங்களில் பரவிய புற்றுநோயை நினையுங்கள்.

மார்பெலும்பு

சிடியில் எலும்பு விண்டோவை (எலும்பைத் தெளிவாகக் காட்டும் அமைப்பை) திறக்காமல் அறிக்கையை முடிப்பவர்கள் அதிகம். சஜிட்டல் தளத்தில் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டில்) மார்பெலும்பை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். அப்படியே அதன் இரு ஓரத்திலும் உள்மார்பு நிணநீர்க் கணுக்களையும்.