பீரோவுக்குள் பைப் புகையிலை: சென்னையில் வருடக்கணக்கில் வைத்துப் பழசாக்குவது எப்படி

மாசி கடைசியில் என் மனைவி மாவடு போடுவாள். ஜாடியைக் கழுவி இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைப்பாள். உப்பும் வடுவும் சேர்த்துக் கட்டி வைத்த பிறகு வீட்டில் யாரும் அந்தப் பக்கம் ஈரக் கையோடு போகக் கூடாது. பைப் புகையிலை சேர்த்து வைக்கத் தொடங்கிய புதிதில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி, அந்த ஜாடியை ஒழுங்காகக் கவனித்திருந்தால் நடந்தே இருக்காது.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவன். இப்போது மந்தைவெளியில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். அந்தக் காலத்துக் கதைகளில் துரைமார் வாயில் சுங்கான் என்று வருமே, அந்தப் பைப்தான். 1994-ல் ஒரு சீஃப் இன்ஜினீயரைப் பார்த்துத் தொற்றிக்கொண்டது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழசாவதால் ருசி மாறும், கெடுதல் குறையாது. வாய்ப் புற்றுநோய் பைப் பிடிப்பவனையும் தேடி வரும். நான் வாரம் இரண்டு தடவை, பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு, மாடியில் தனியாகப் பிடிக்கிறேன். இதுவரை பிடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிக்கிறவர்களுக்குத்தான் இது.

எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்? ஒரு காரணம், பிடித்த சரக்கு திடீரென்று நின்றுபோகும். அமெரிக்காவின் மெக்லெலண்ட் கம்பெனி 2018-ல் மூடியது. அதன் சிவப்பு வர்ஜீனியாவுக்கு (வர்ஜீனியா என்பது ஒரு புகையிலை ரகம்) ஈடாக இன்னொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டன்ஹில் பெயரில் வந்த பைப் புகையிலைகளும் அதே சமயத்தில் நின்று, பிற்பாடு பல கலவைகள் பைப் கம்பெனியான பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன. இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் கொண்டுவரக் கூடியது 125 கிராம் புகையிலைதான். ஐம்பது கிராம் டின் என்றால் இரண்டரை. மான்செஸ்டரில் இருக்கும் மச்சினர் மகன் வருடத்துக்கு ஒரு தடவை வரும்போது, "மாமா, ரெண்டு டின்தான்" என்று கைவிரிப்பான். அரை டின்னை யார் கொண்டுவருவார்கள்? ஆகவே கிடைக்கும்போது வாங்கி வைப்பது பழக்கமாகிவிட்டது.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு என் கணக்கு எளிது. ஒரு தடவை பைப்பில் அடைக்க ஏறக்குறைய இரண்டரை கிராம் ஆகும். வாரம் இரண்டு தடவை என்றால் வருடத்துக்குக் கால் கிலோ. பத்து வருடத்துக்கு இரண்டரை கிலோ போதும். எனக்கு வயது 64. மூன்று கிலோவைத் தொட்டதும் வாங்குவதை நிறுத்திக்கொண்டேன். "யாருக்குங்க இவ்வளவும்?" என்று கேட்பவளுக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது ஒரு காரணம். புதிதாகத் தொடங்குகிறவர் பத்து விதம் வாங்குவதைவிட, பிடித்த ஒன்றில் மூன்று டின் வாங்குவது நல்லது. ஒன்றை இப்போதே பிடித்துப் பாருங்கள். அடுத்ததை மூன்று வருடம் கழித்து, கடைசியை ஏழு வருடம் கழித்து. முதல் டின்னின் ருசி நாக்கில் இருந்தால்தான் மற்றதில் என்ன மாறியது என்று தெரியும். ருசியை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள், ஏழு வருடம் நாக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

எல்லாப் புகையிலையும் பழசாவதால் மேலாகாது. நம் வீட்டில் பழைய அரிசிக்கும் பழைய புளிக்கும் தனி மரியாதை உண்டு, பழைய ரவைக்கு உண்டா? அது மாதிரிதான். வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அதனால் அது நன்றாகப் பழுக்கும். புதிதில் காய்ந்த வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை, நாக்கில் ஒரு கடி. நான்கைந்து வருடத்தில் இலை கறுத்து, பேரீச்சம்பழமும் கருப்பட்டியுமாக வாசனை மாறி, அந்தக் கடி போய்விடும். அழுத்தித் தகடு தகடாக வெட்டிய ஃப்ளேக் வகையில் இந்த மாற்றம் இன்னும் அழகாக வரும் என்பது என் அனுபவம். லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரீக், வர்ஜீனியாவோடு சேர்ந்து நன்றாகப் பழசாகும். பர்லி என்ற ரகத்தில் சர்க்கரை குறைவு. கெடாது, பெரிதாக மாறவும் மாறாது. விறகுப் புகை போட்டுப் பதப்படுத்தும் லட்டாக்கியா வேறு ரகம். வருடம் ஆக ஆக அதன் புகை வாசனை மெத்தென்று அடங்கும். அந்தக் காரத்துக்காகவே அதைப் பிடிப்பவர் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது. வெனிலா, செர்ரி என்று வாசனை ஏற்றிய வகைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். மேலே பூசிய வாசனைதான் முதலில் போகும்.

சரி, ஜாடிக்கு வருவோம். தொழிற்சாலையில் அடைத்த வட்ட டின்னைத் திறக்காமல் அப்படியே வைக்கலாம், பல வருடம் தாங்கும். சதுர டின்கள் சில சமயம் மூலையில் காற்று விடும். நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை துரு. கடற்கரைக் காற்று பீரோவுக்குள்ளும் வரும். டின்னின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துரு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே இருப்பது ஒரு வருடத்தில் சருகு. நான் டின்களை மெல்லிய பாலித்தீன் உறையில் சுற்றி, பெரிய எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடுக்குகிறேன். பொட்டலம் டின்னுக்கு வெளியேதான். புகையிலையோடு சேர்த்துப் போட்டால் அதையும் காயவைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். துரு தெரிந்தால் யோசிக்காமல் திறந்து கண்ணாடிக்கு மாற்றிவிடுவேன்.

திறந்த டின்னும் உதிரியாக வாங்கியதும் கண்ணாடி ஜாடிக்குத்தான் போக வேண்டும். ஜிப் கவர் போதும் என்று நினைக்காதீர்கள், அது வாசனையை விட்டுவிடும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலையும் முயன்றிருக்கிறேன், மூடி சரியாக இறுகாது. ஒரு தடவை காலி ஊறுகாய் பாட்டிலைச் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, நூறு கிராம் நல்ல வர்ஜீனியாவை அடைத்தேன். கண்ணாடி வாசனை பிடிக்காது, மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் பிடிக்கும். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் பூண்டு ஊறுகாய். அந்த நூறு கிராமையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்து முடித்தேன், தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆகவே பாட்டில் பழசானாலும் மூடி புதிதாக இருக்கட்டும். பாரிமுனைச் சந்துகளில் பாட்டிலும் மூடியும் மொத்தமாக விற்கிறார்கள். திருகு மூடி போட்ட கெட்டிக் கண்ணாடி மேசன் ஜாடி கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியதும் ஒரு சோதனை: பாதி தண்ணீர் ஊற்றி மூடி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது பருப்புக்கு.

கால் லிட்டர் ஜாடியில் ஐம்பது கிராம் சொச்சம் பிடிக்கும். பெரிய ஜாடி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பழைய காற்று போய்ப் புதுக்காற்று நுழைந்துவிடும். சின்னதாகப் பத்து ஜாடி இருந்தால் ஒன்றைத் திறந்தாலும் ஒன்பது நிம்மதியாகத் தூங்கும். விரலால் லேசாக அழுத்திக் கழுத்து வரை நிரப்புங்கள். மேலே கொஞ்சம் காற்று இருக்கட்டும். முதலில் அந்தக் காற்றைக் கொண்டுதான் உள்ளே வேலை தொடங்குகிறது, அது தீர்ந்த பிறகு மாற்றம் மெதுவாக நடக்கும். காற்றை உறிஞ்சி எடுத்து சீல் வைக்கும் இயந்திரம் இதற்கு வேண்டாம்.

இப்போது ஈரம். சென்னைக்காரன் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டிய இடம் இதுதான். விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திவிடுங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெதுவாக விரிந்தால் சரி. விரலில் நம்பிக்கை இல்லாதவர்கள் சின்ன டிஜிட்டல் ஈரமானியை ஜாடிக்குள் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். 60-லிருந்து 65 சதவீதம் வரை இருந்தால் மூடிவிடலாம். மலிவான ஈரமானி பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது, அன்றிலிருந்து ஆறு கழித்துப் படிக்கிறேன்.

ஈரம் அதிகமானால் தட்டில் பரப்பி நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே எடுக்காதீர்கள். மழை நாளில் பரப்பிய புகையிலை காய்வதற்குப் பதில் இன்னும் தண்ணீர் குடிக்கும். அவசரம் என்றால் ஏசி ஓடும் அறையில் செய்யுங்கள். காய்ந்துபோனதற்கு உருளைக்கிழங்குத் துண்டு போடு, ஆப்பிள் தோல் போடு என்று யாராவது சொல்வார்கள். நானும் போட்டேன். பன்னிரண்டாம் நாள் ஜாடி முழுக்க வெள்ளைப் பஞ்சு. மனைவி எட்டிப் பார்த்து, "ஊறுகாய்ல ஈரக் கை வெச்சா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?" என்றாள். தெரியும்தான். இப்போதெல்லாம் தட்டில் பரப்பி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைப் புகையிலையில் படாமல் மேலே மூடி, ஒரு மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

பஞ்சு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பழைய வர்ஜீனியா ஃப்ளேக் மேல் சில சமயம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கற்கண்டுத் தூள் மாதிரி மின்னினால் அது படிகம், நன்றாகப் பழசாகியிருக்கிறது என்று பொருள். நூல் நூலாகப் படர்ந்து, மூடிய வீட்டு வாடை வந்தால் பூஞ்சை. மேலே மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அப்படியே குப்பைக்கு.

வைக்கும் இடம். பரண் ஆகாது. மேல்மாடி வீட்டில் கத்திரி வெயிலில் தளம் நாள் முழுக்கச் சூட்டை வாங்கி இரவு முழுக்க இறக்கும். ஒரு கோடையைப் பரணில் கழித்த என் ஜாடி ஒன்று, வேகவைத்த கீரை மாதிரி உப்புச்சப்பில்லாமல் ஆனது. ஃப்ரிட்ஜும் வேண்டாம், குளிரில் பழுக்காது. வெளிச்சம் படாத, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை பீரோவின் நடுத்தட்டு போதும். நம் ஊர்ச் சூட்டில் குளிர்நாட்டைவிடக் கொஞ்சம் வேகமாகவே பழசாகும், சூடு ஏறி இறங்காமல் இருந்தால் சரி. பீரோ என்றதும் உள்ளே அந்துருண்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதன் வாடை புகையிலையில் ஏறிவிடும். பட்டுப்புடவை இருக்கும் பீரோவில் புகையிலையைத் திறந்து வைத்தால் இரண்டுக்கும் கேடு, வீட்டில் சண்டையும் வரும்.

நாட்டுப் புகையிலையை அதே தட்டில் வைக்காதீர்கள். ஆசைக்காக வேதாரண்யத்துக் காம்பு ஒன்றை வாங்கி வைத்து நான் பட்டது போதும். மல்லி, மிளகாய், மஞ்சள் டப்பாவில் வருமே பழுப்பு நிறக் குட்டி வண்டு, அதற்குப் புகையிலை என்றால் உயிர். இலையில் குண்டூசி ஓட்டையும் மாவு மாதிரித் தூளும் தெரிந்தால், அந்த ஜாடியை உறையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் போடுங்கள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜ், அப்புறம் வெளியே. ஃப்ரீசருக்கு இதற்கு மட்டும்தான் அனுமதி.

லேபிளில் பெயர், அடைத்த மாதம், வருடம் எழுதுங்கள். அதே விவரத்தைத் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். டின் என்றால் அடியில் ஆணியால் ஒரு எண்ணைக் கீறி, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்தி எனக்கு 2015 டிசம்பரில் வந்தது. அப்போது கோட்டூர்புரத்தில் தரைத்தளம். அடையாறு வீட்டுக்குள் வந்து இடுப்பளவு நின்றது. மூன்றாம் நாள் போய்க் கதவைத் திறந்தால், மூடி இறுகிய கண்ணாடி ஜாடிகள் சேற்றுக்கு மேல் கிடந்தன. புகையிலை எடையில்லாதது, மிதந்திருக்கின்றன. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. டின்கள் மூழ்கியிருந்தன. பதினொன்றிலும் லேபிள் போய்விட்டது. நான்கில் தண்ணீர் இறங்கிச் சாக்கடை வாடை, அவற்றை அங்கேயே விட்டேன். மிச்சம் ஏழைத் துடைத்து, துருப் பிடிக்கும் முன் திறந்து ஜாடிகளுக்கு மாற்றி, 'வெள்ளம் 1', 'வெள்ளம் 2' என்று எழுதி வைத்தேன்.

திறக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் மூடியிருந்த ஜாடி முதலில் புளித்த வாடை அடிக்கும். மூடியைத் தளர்த்தி ஒரு நாள் விடுங்கள், அது போய்விடும். திறந்த ஜாடியை இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். 'வெள்ளம் 3' அருமையான வர்ஜீனியா, பெயர் தெரியாததால் மறுபடி வாங்கவும் வழியில்லை. 'வெள்ளம் 5' செர்ரி வாசனை போட்டது, வாசனை எல்லாம் போய் வெறும் புகைதான் மிச்சம். 'வெள்ளம் 7' மட்டும் இன்னும் திறக்காமல் நடுத்தட்டில் இருக்கிறது. வரும் தையில் மச்சினர் மகன் வருகிறான், அன்றைக்குத் திறக்கலாம் என்று இருக்கிறேன்.