விலை உயர்ந்த கேமராவில் கீறலும் கழன்ற ரப்பரும்: எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

புதிதாக வந்தபோது பெரும் விலைக்கு விற்ற சில கேமராக்கள் இன்று பழைய பொருளாகக் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. நிக்கான் டி300 (2007), டி700 (2008) இரண்டும் அப்படிப்பட்டவை. மெக்னீசியக் கலவை உடல், 1,50,000 முறை இயக்கிச் சோதித்த ஷட்டர் என்று உள்ளே எல்லாம் உறுதி. வெளியேதான் தொல்லை. கட்டைவிரல் பதியும் இடத்திலும் மெமரி கார்டு மூடியிலும் ரப்பர் உப்பி, விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். மூலைகளில் பெயின்ட் தேய்ந்திருக்கும். இதைப் பார்த்துப் பலர் நல்ல கேமராவை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் ஃபெவிக்விக்கை எடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே வீண் இழப்பு. டி700-ஐ வைத்தே விளக்குகிறேன். ரப்பர் போர்த்திய கேமரா எதுவானாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதல் படி: அழகுக் குறையா, பழுதா?

ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கீறல், தேய்மானம், ரப்பர் கழன்றது ஆகியவை தோற்றக் குறைகள். படத்தை அவை எதுவும் செய்யாது. நசுங்கல் அப்படியல்ல. நிக்கானின் எஃப் மவுன்ட் என்ற லென்ஸ் மாட்டும் அமைப்பில் லென்ஸ் வளையத்திலிருந்து படம் பதியும் சென்சார் வரை உள்ள தூரம் 46.5 மில்லிமீட்டர். கீழே விழுந்து மவுன்ட் இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். மவுன்டுக்கு அருகில் நசுங்கல் இருந்தால் ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் வேறொரு லென்ஸ் மாட்டி மீண்டும் எடுங்கள். அதே மூலை மறுபடியும் கெட்டால் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

திருகுகளையும் கவனியுங்கள். தலை மழுங்கிப் பளபளத்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். ஜப்பானியக் கேமராக்களின் திருகுகள் பெரும்பாலும் அந்நாட்டுத் தர அளவில் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி அவற்றில் சரியாக உட்காராமல் வழுக்கும்.

நீங்கள் வாங்கியது புத்தம்புதிய கேமரா என்றால் எதையும் துடைக்காமல், ஒட்டாமல், பெட்டியோடு படமெடுத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரை பிறகு உதவும்.

ரப்பர் ஏன் உப்புகிறது?

வியர்வை, கை எண்ணெய், வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்து ரப்பரை மெல்ல விரியச் செய்கின்றன. அடியிலுள்ள ஒட்டும் டேப்பும் இளகி நகர்கிறது. கொசு விரட்டி மருந்துகளில் சேர்க்கும் டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையும் செயற்கை ரப்பரையும் அரிக்கக்கூடியது. காட்டுக்கும் ஏரிக்கும் பறவைப் படமெடுக்கப் போகிறவர்கள் மருந்து தடவிய கையைத் துடைத்துவிட்டுக் கேமராவைத் தொடுவது நல்லது. ரப்பர் கறுப்பாக மின்ன வேண்டும் என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் ஊற ஊற உப்பல் கூடும்.

ரப்பரை மீண்டும் ஒட்டுவது

தேவையானவை சிலவே: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, பஞ்சு உதிராத துணி, பழைய ஏடிஎம் அட்டை அல்லது கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லை, கூரிய கத்தி, மெல்லிய இருபக்க டேப். மொபைல் திரை ஒட்ட உதிரிபாகக் கடைகளில் விற்கும் டேப் இதற்கு மிகப் பொருத்தம். கனமான நுரை டேப் வாங்கிவிடாதீர்கள். ரப்பர் மேலே தூக்கி நிற்கும்.

பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். லென்ஸ் இடத்தில் உடல் மூடியைப் போடுங்கள். பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே தூக்கியிருக்கும் விளிம்பில் அட்டையை நுழைத்துச் சாய்வாக நகர்த்துங்கள். பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் ஏற்கெனவே விரிந்த ரப்பர் இன்னும் நீளும். இறுகப் பிடித்திருந்தால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், திரையை விட்டு விலக்கி, சில நொடிகள் காட்டினால் பசை இளகிவிடும்.

அடுத்தது பழைய பசை. பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஆல்கஹாலைக் கேமராவின் மேல் ஊற்றாமல் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தடவுங்கள். கொஞ்சம் ஊறியதும் விரல் நுனியால் ஒரே திசையில் உருட்டினால் பசை பழுப்பு நிறத்தில் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். உருண்டை வருவது நின்று, விரல் ஒட்டாமல் வழுக்கும் வரை தொடருங்கள். ரப்பரின் உட்புறத்தையும் இப்படியே சுத்தம் செய்ய வேண்டும். எண்களும் குறியீடுகளும் எழுதிய இடங்களில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்து அழியலாம். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியவை. அவற்றைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

ரப்பரை அகற்றியதும் அடியில் சில திருகுகள் தெரியும். அவற்றைத் தொட வேண்டாம். டி700-இல் உள்ளமைந்த ஃபிளாஷ் இருக்கிறது. அதன் மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடும். உடலைத் திறப்பது பழகியவர்களின் வேலை.

இப்போது டேப்பை ஒட்டாமல் ரப்பரை மட்டும் அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்புகள் பள்ளத்துக்குள் அடங்கினால் அதையே பயன்படுத்தலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் அந்த ரப்பர் விரிந்துவிட்டது. வெட்டிச் சரிசெய்தால் சில மாதங்களில் மறுபடி தூக்கும், வெட்டிய விளிம்பும் அசிங்கமாகத் தெரியும். சரியான மாடல் எண் சொல்லிப் புது ரப்பர் வாங்குவதே மேல். டி300-இன் துண்டு டி700-இல் உட்காராது.

டேப்பை ரப்பரின் உட்புறத்தில் சுருக்கமின்றி ஒட்டி, விளிம்பை ஒட்டிக் கத்தியால் சீவுங்கள். மேல் தாளை உரித்து, முதலில் ஒரு மூலையை மட்டும் பள்ளத்தில் உட்கார வைத்து, அங்கிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மறுமுனைக்கு வாருங்கள். பிறகு மடித்த துணியை மேலே வைத்து ரப்பர் பேண்ட் போட்டு ஓர் இரவு விடுங்கள். பசை முழுப் பிடிப்பை எட்ட மூன்று நாள் ஆகும். அதுவரை வெயிலில் கொண்டுபோக வேண்டாம்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஏன் வேண்டாம் என்கிறேன்? அதன் ஆவி படிந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கும். வியூஃபைண்டர் கண்ணாடியில் அது படிந்தால் துடைத்துப் போக்குவது கடினம். ஒட்டியதை அடுத்த முறை கிழிக்காமல் எடுக்கவும் முடியாது. செருப்பு ஒட்டும் பசையிலுள்ள கரைப்பானோ ரப்பரை மீண்டும் உப்ப வைக்கும்.

திரையும் பெயின்ட்டும்

டி700-இன் பின் திரையில் கீறல் தெரிந்தால் பதற வேண்டாம். பிஎம்-9 என்ற கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூடி அதன் மேல் இருக்கும். கீறல் பெரும்பாலும் அதில்தான். மூடியை மாற்றினால் முடிந்தது. மூடி இல்லாத கேமராக்களில் பற்பசையால் தேய்க்கும் வித்தை வேண்டாம். ஒளி தெறிப்பைக் குறைக்கும் பூச்சு உரிந்து திட்டுத்திட்டாகிவிடும்.

மூலையில் தேய்ந்த பெயின்ட்டை நான் தொடுவதில்லை. பூசிய பெயின்ட் எவ்வளவு நேர்த்தியானாலும் வெளிச்சத்தில் வேறு கறுப்பாகத் தெரியும். வாங்குபவர் அதன் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். ஒரே விதிவிலக்கு, வெற்று மெக்னீசியம் வெளியே தெரிந்து, நீங்கள் கடற்கரையில் படமெடுப்பவராக இருந்தால். உப்புக் காற்றில் அந்த உலோகம் அரிக்கும். மங்கல் கறுப்பு எனாமலைப் பல்குத்தியின் முனையில் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள், போதும். ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்திலும் லென்ஸ் வளையத்திலும் எந்தப் பூச்சும் கூடாது. முதலாவது மின்தொடர்பு உள்ள இடம், இரண்டாவது நுட்ப அளவு உள்ள இடம்.

பின்னாளில் விற்கும்போது ரப்பர் மாற்றியதையும் உடல் திறக்கப்படவில்லை என்பதையும் விளம்பரத்திலேயே எழுதி, பிரிக்கும் முன் எடுத்து வைத்த படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.