பண்ணையில் கழித்த லேயர் கோழியை வீட்டில் வளர்க்க

நாமக்கல் பக்கம் கூண்டுப் பண்ணைகளில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் லேயர் கோழிக்கு (முட்டைக்கென்றே வளர்க்கும் கோழி) மண்ணே தெரியாது. அலகு வெட்டியிருப்பதால் தரையில் சிதறிய தீனியில் பாதி நழுவிவிடும். தட்டில் 2 அங்குல ஆழத்துக்குப் போடுங்கள். நிப்பிளில் (அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) குடித்துப் பழகியது, கிண்ணத்துத் தண்ணீர் பக்கத்திலேயே தாகத்தோடு நிற்கும். அலகு நுனியை இரண்டு மூன்று முறை நனைத்துக் காட்டுங்கள். மூக்குத் துளை முங்கக் கூடாது.

வந்த அன்றே நெல்லு, குருணை என்று மாற்றாதீர்கள். லேயர் தீவனமே தொடரட்டும், கிளிஞ்சல் நொறுங்கல் தனிக் கிண்ணத்தில். சுண்ணாம்புச் சத்தெல்லாம் முட்டை ஓட்டுக்கே போய் எலும்பு மெலிந்திருக்கும். குதித்தால் கால் முறியும். உட்காரும் கம்பு 1 அடிக்கு மேல் வேண்டாம். நாட்டுக்கோழிகளோடு 3 வாரம் சேர்க்காதீர்கள்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் எமன். கூட்டுத் தரையில் வைக்கோல் விரித்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்த உமியை 3 அங்குலம் பரப்புங்கள் (ரைஸ் மில்லில் கிடைக்கும்). கையில் பிடித்தால் கட்டியாகிறதா? அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வாலைத் தாழ்த்தி, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு மூழ்க 15–20 நிமிடம் உட்காரவைத்து, ஈரம் துடைத்து, இருட்டான மூலையில் விடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. சில மணி நேரத்தில் இடாவிட்டால் கால்நடை மருந்தகம்தான். பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்றால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் சந்தேகம். உடனே தனியாக்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.